உள்ளூர் ஒப்பந்தங்களில் நமக்குரிய இடம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், தொழில் வழிகாட்டுக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு இதே பொதுக்குழுவில் ஓர் இளைஞர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "அரசு விடுதிகளுக்குப் போர்வை வருகிறது, அலுவலகங்களுக்கு அச்சிட்ட பதிவேடுகள் வருகின்றன, கூட்டங்களுக்கு உணவு வருகிறது, வாடகை வாகனம் ஓடுகிறது. தையல் தெரிந்தவர்களும், அச்சகம் வைத்திருப்பவர்களும், சமையல் கலைஞர்களும், வாகன உரிமையாளர்களும் நம் மஹல்லாவிலேயே இருக்கிறார்கள். இந்த வேலைகளில் ஒன்றுகூட நம்மிடம் ஏன் வருவதில்லை? சிறுபான்மையினருக்கு இதில் ஒதுக்கீடு எதுவும் இல்லையா?" என்பது அவருடைய கேள்வி. அன்று எங்களிடம் தெளிவான விடை இல்லை. ஓராண்டு காலம் சட்டங்களைப் படித்தும், அலுவலகங்களில் விசாரித்தும், நாங்களே சில ஒப்பந்தப்புள்ளிகளில் கலந்துகொண்டு கைசுட்டும் அறிந்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நேரான விடையைச் சொல்லிவிடுகிறோம். சிறுபான்மையினர் என்பதற்காகத் தமிழ்நாட்டில் அரசு ஒப்பந்தங்களில் தனி ஒதுக்கீடு கிடையாது. அமெரிக்க நாட்டில் நடுவண் அரசின் கொள்முதலில் பெண்களின் நிறுவனங்களுக்கு 5 விழுக்காடு என்ற இலக்கு 1994ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. பணியில் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களின் நிறுவனங்களுக்கு 1999ஆம் ஆண்டில் 3 விழுக்காடு என்று வைத்து, பின்னர் அதனை 5 ஆக உயர்த்தினர். நம் அண்டை மாநிலமான கருநாடகத்தில் இஸ்லாமியர் அடங்கிய 2பி பிரிவினருக்கு 4 விழுக்காடு ஒப்பந்தங்களை ஒதுக்கும் மசோதா 2025 மார்ச்சில் நிறைவேறியது. ஆளுநர் அதனைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பிவைத்தார். அவையெல்லாம் அங்கங்கே நடக்கும் செய்திகள். அவற்றைப் பேசிக்கொண்டிருப்பதால் நம் ஊர்த் தையற்காரருக்கு ஒரு கெஜம் துணிகூட வந்து சேராது.

ஆனால் சிறுதொழில் செய்பவர், பெண் தொழில்முனைவோர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கு இன்றைய சட்டங்களிலேயே சில வாசல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே நுழைய நம்மிடம் இல்லாதது திறமையன்று. தாள்களும், தகவலும், பொறுமையுமே இல்லை. 2006ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழு அறிக்கை, இந்நாட்டு முஸ்லிம்கள் சம்பள வேலையைவிடச் சுயதொழிலையே மிகுதியும் நம்பி வாழ்கின்றனர் என்று எடுத்துக்காட்டியது. தொழில் நம்மிடம் இருக்கிறது. அதற்கு அரசின் கணக்கில் ஒரு பெயர் இல்லை என்பதே குறை.

நம் மாவட்டம் கண்ட பாடம்

இந்த வாசல்களைப் பற்றிச் சொல்லுமுன், நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். பெரியவர்கள் பலர் இதனைக் கண்ணால் கண்டிருப்பீர்கள். 1990களின் தொடக்கத்தில் திருமதி ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தின் ஊர்தோறும் பரவியது. பெண்கள் எழுத்துக் கற்றனர். ஆயிரக்கணக்கில் மிதிவண்டி ஓட்டப் பழகினர். மிதிவண்டிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே காலத்தில் கல்குவாரிகளில் நடந்ததைச் சொல்பவர்கள் குறைவு.

அதுவரை குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பெரும் ஒப்பந்ததாரர்கள். கல் உடைத்த ஏழைப் பெண்களுக்குக் கூலி மட்டுமே. அந்தக் கூலியும் கடனில் கழிந்தது. மாவட்ட நிர்வாகம் அந்தப் பெண்களையே குழுக்களாக அமைத்து, குவாரிகளை அவர்கள் பெயரிலேயே குத்தகைக்கு விட்டது. கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள். எத்தனை லாரி கல் போயிற்று, என்ன விலை, எவ்வளவு வரவு என்பதை அவர்களே எழுதி வைக்கத் தொடங்கினர். எழுத்தறிவும் குத்தகையும் ஒன்றாக வந்ததால்தான் அது நடந்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் நிர்வாகத்தின் ஆதரவு தளர்ந்தது. பழைய ஒப்பந்ததாரர்கள் மீண்டும் தலையெடுத்தனர். பெண்கள் குழுக்களின் பிடி நழுவத் தொடங்கியது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை நேரில் வந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஒரு நல்ல அதிகாரியின் ஆதரவால் ஒப்பந்தம் கிடைக்கலாம். அந்த அதிகாரி மாறுதலாகிப் போன பின்பும் அது கையில் நிற்க வேண்டுமாயின், நமக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். நம்மிடையே ஒற்றுமையும் வேண்டும். எங்கள் உரையின் சாரம் இவ்வளவே. மற்றவை இதற்கான விளக்கங்கள்.

சிறுதொழிலுக்குள்ள வாசல்

நடுவண் அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் குறு, சிறு நிறுவனங்களிடம் கொள்முதல் செய்தாக வேண்டும் என்ற ஆணை 2012 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. முதலில் 20 விழுக்காடாக இருந்த அளவு இப்போது 25. அந்த 25இல் 4 விழுக்காடு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கும், 3 விழுக்காடு பெண்களின் நிறுவனங்களுக்கும் உரியது. சிறுபான்மையினருக்கோ முன்னாள் படைவீரருக்கோ இந்த ஆணையில் தனிப் பங்கு இல்லை. ஆயினும் அவர்களும் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டால் பொதுப் பங்கில் வரலாம்.

இது புதுக்கோட்டைக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். திருச்சியில் பெல் நிறுவனம் இருக்கிறது. பொன்மலையில் இரயில்வே பணிமனை இருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. பெல்லுக்கு உதிரி வேலை செய்யும் பட்டறைகள் நம் மாவட்டத்து மாத்தூரிலேயே இயங்குகின்றன. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் தொடங்கி, கையுறையும் மேலங்கியும் தைப்பவர் வரை பலருக்கும் அங்கே வேலை உண்டு.

இந்த ஆணையின்படி பதிவு பெற்றவருக்கு ஒப்பந்தப்புள்ளிப் படிவம் விலையின்றிக் கிடைக்கும். முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு உண்டு. விலையிலும் ஒரு சலுகை இருக்கிறது. சிறு நிறுவனம் அல்லாத ஒருவர் 1,00,000 ரூபாய் என்று மிகக் குறைந்த விலை கொடுத்திருக்க, நாம் 1,12,000 ரூபாய் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் விலை அவருடையதைவிட 15 விழுக்காட்டுக்குள்தான் கூடுதல். ஆகவே அவருடைய விலைக்கே இறங்கி வர நாம் ஒப்பினால், ஒப்பந்தத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் நமக்குத் தர இடமுண்டு.

இங்கே நம் மக்கள் பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்றுண்டு. இதனைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறோம். 2020 ஜூலை முதல் இப்பதிவுக்கு 'உத்யம்' என்று பெயர். ஆதார், பான் எண்களைக் கொண்டு இணையத்திலேயே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். 2021இல் வணிகர்களும் பதியலாம் என்று வந்தது. ஆனால் வாங்கி விற்கும் வணிகருக்கு அப்பதிவு வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே பயன்படும். மேலே சொன்ன கொள்முதல் சலுகைகள் அவருக்கு இல்லை. பொருளை ஆக்குபவருக்கும் சேவை செய்பவருக்கும் மட்டுமே அவை உரியன. துணிக்கடை வைத்திருப்பவர் வணிகர். அதே துணியைச் சீருடையாகத் தைத்துத் தருபவர் உற்பத்தியாளர். பதியும்போது எந்தத் தொழிலின் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம்மில் பலர் தையல் நடத்திக்கொண்டே வணிகர் என்று பதிந்து வைத்திருப்பதைக் கண்டோம். அதனைத் திருத்திக்கொள்ள வழியுண்டு.

மாநில அரசும் உள்ளாட்சியும்

மாநில அரசுத் துறைகளின் ஒப்பந்தங்களும் உள்ளாட்சிகளின் ஒப்பந்தங்களும் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கும், 2000ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. 13 ஊராட்சி ஒன்றியங்கள், ஊராட்சிகள், பேரூராட்சிகள், அறந்தாங்கி நகராட்சி, மாநகராட்சியாகத் தரம் உயர்ந்துள்ள புதுக்கோட்டை என்று நம் மாவட்டத்தில் வேலை கொடுக்கும் இடங்கள் ஏராளம்.

இச்சட்டம் நமக்குச் சில உரிமைகளைத் தருகிறது. 2 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தப்புள்ளிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதனைக் குறைக்க வேண்டுமாயின் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். விலைப்புள்ளிகளைத் திறக்கும்போது கலந்துகொண்டவர் அங்கே இருக்கலாம். முடிவில் குறை இருப்பதாகக் கருதினால், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது மிகக் குறுகிய காலம். வருத்தப்பட்டு, நண்பர்களிடம் சொல்லி ஆறுதல் தேடி முடிப்பதற்குள் அது கடந்துவிடும்.

எங்கள் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். ஓர் அலுவலகத்துக்குப் பதிவேடுகள் அச்சிட்டுத் தர நம் உறுப்பினர் ஒருவருக்காக நாங்களே முன்னின்று விண்ணப்பம் தயாரித்தோம். விலை சரியாக இருந்தது. தாளின் தரமும் சரியாக இருந்தது. முன்வைப்புத் தொகையை வங்கி வரைவோலையாகக் கேட்டிருந்தார்கள்; நாங்கள் காசோலை வைத்தோம். உறையைப் பிரித்த உடனேயே ஒதுக்கிவிட்டார்கள். சினம் வந்தது. வீட்டுக்கு வந்து அறிவிப்பை மறுபடி படித்தபோது, இரண்டாம் பக்கத்தில் அது தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. குற்றம் எங்களுடையதே. பாரபட்சம் என்று நாம் நினைப்பவற்றுள் பாரபட்சமும் இருக்கலாம். ஆனால் நமது கவனக்குறைவை முதலில் நீக்கினால்தான், மிஞ்சியிருப்பது பாரபட்சமா என்று நம்மால் அறிய முடியும்.

பெண்களுக்கும் முன்னாள் படைவீரருக்கும்

சகோதரிகளே, அரசின் பெரிய பணிகள் சில ஏற்கெனவே பெண்கள் கையில் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடையை சமூகநலத் துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களே தைக்கின்றனர். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். எனவே தையல் தெரிந்த சகோதரி தனியாக ஒப்பந்தப்புள்ளி தேடுவதற்கு முன், தம் பகுதியின் தையல் சங்கத்தில் உறுப்பினராக இடம் உண்டா என்று சமூகநல அலுவலகத்தில் கேட்பது நல்லது. குழுவில் இல்லாத சகோதரிகள் மகளிர் திட்ட அலுவலகத்தை அணுகலாம். அரசு மின்சந்தையான 'ஜெம்' தளத்தில் பெண்களின் பொருள்களுக்கென்று 2019இல் 'வுமனியா' என்ற பகுதியும் தொடங்கப்பட்டது.

முன்னாள் படைவீரர்களுக்கு 1986 முதல் 'டெக்ஸ்கோ' என்னும் தமிழ்நாடு அரசு நிறுவனம் இருக்கிறது. அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் அது காவலர்களை அனுப்புகிறது. சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோருக்கு 2024 சுதந்திர நாளில் அறிவிக்கப்பட்ட 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடனும், அதில் 30 விழுக்காடு மூலதன மானியமும் உண்டு. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிந்து வைத்திருப்பது இவற்றுக்கெல்லாம் முதற்படி. சிறுபான்மையினருக்கு 1999இல் அமைந்த 'டாம்கோ' கழகம் கடன் வழங்குகிறது, ஒப்பந்தம் வழங்குவதன்று.

பெயரை இரவல் கொடுக்காதீர்

சலுகை இருக்கும் இடத்தில் அதனைத் திருடுபவரும் வருவார். கூட்டு நிறுவனத்தில் 51 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கு பெண்ணிடம் இருந்தால்தான் அது பெண்ணின் நிறுவனம். ஆகவே சில முதலாளிகள் வீட்டுப் பெண்ணின் பெயரிலோ, அறிந்த ஓர் ஏழைப் பெண்ணின் பெயரிலோ நிறுவனத்தைப் பதிந்துவிட்டுத் தாமே நடத்துகின்றனர். நமக்குத் தெரிந்த ஒரு கைம்பெண் மாதம் ஒரு சிறு தொகைக்காகத் தம் ஆதாரையும் பான் எண்ணையும் கொடுத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டார். இரண்டாண்டு கழித்து, அவர் கண்ணால் காணாத வியாபாரத்துக்கு வரி கேட்டு அவருடைய வீட்டு வாசலுக்கு அறிவிப்பு வந்தது. இலாபம் பார்த்தவர் அலைபேசியை எடுக்கவில்லை.

முன்னாள் படைவீரரின் பெயரையும் இவ்வாறே கேட்டு வருவார்கள். இது சட்டத்துக்கு எதிரானது. மார்க்கத்தின் பார்வையிலும் இது அமானித மோசடியாகும். குவாரிப் பெண்களின் கையில் குத்தகையோடு கணக்கும் இருந்ததால் அவர்கள் உரிமையாளர்கள். கணக்கு நம் கையில் இல்லாமல் பெயர் மட்டும் தாளில் இருந்தால் நாம் பிணையாள். அதுபோலவே, போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை முன்கூட்டியே முடிவு செய்யும் கூட்டணிக்கும் நம்மவர் போகக் கூடாது. அதில் இன்று பங்கு கொடுப்பவர் நாளை நம்மை வெளியே நிறுத்துவார்.

கிடைத்த பின்பு

ஒப்பந்தம் கிடைத்த அன்று இனிப்பு வழங்குகிறோம். அன்றுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. பொருளை இன்று கொடுப்போம். பணம் பல மாதம் கழித்து வரும். இடையில் துணிக்கும் கூலிக்கும் யார் கொடுப்பது? கையிருப்பு இல்லாமல் பெரிய வேலையை எடுத்து, கந்து வட்டியில் விழுந்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் ஜி.எஸ்.டி. கணக்கில் 2 விழுக்காடு பிடித்துக்கொண்டே தருவார்கள். வருமான வரிப் பிடித்தம் வேறு. பின்னால் கணக்கில் சரியாகும் என்றாலும், அன்றைக்குக் கைக்கு வருவது குறைவே. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே விலை எழுத வேண்டும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். முறையீட்டை இணையத்தளத்தில் பதியலாம். நம் மாவட்டத்தார் அணுகக்கூடிய வசதியாக்க மன்றம் திருச்சியில் இருக்கிறது. வட்டி நமக்கு வேண்டாம் என்று நம்மவர் தயங்குகின்றனர். வட்டியைக் கோராமல் அசலை மட்டும் கேட்டும் முறையிடலாமே! நமக்குரிய பணத்தைக் கேட்பதற்கு நாணப்பட வேண்டியதில்லை. ஆனால் பொருளை ஒப்படைத்ததற்கான கையொப்பமிட்ட சீட்டு நம்மிடம் இருந்தாக வேண்டும். வாய்ச்சொல்லை எந்த மன்றமும் ஏற்காது.

ஜமாஅத் செய்யக் கூடியவை

இறுதியாக நிர்வாகத்தின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையத்தளத்திலும் நாளிதழ்களிலும் வரும் நம் மாவட்ட அறிவிப்புகளை வாரந்தோறும் தொகுத்து, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பெண்களுக்கு மதரஸா வழியாக அதே தாள் வீட்டுக்குப் போக வேண்டும்.

இரண்டு: வாரத்தில் ஒரு மாலை, படித்த இளைஞர் இருவர் அமர்ந்து உத்யம் பதிவு, மின்னணுக் கையொப்பம், விண்ணப்பச் சரிபார்ப்பு ஆகியவற்றில் உதவ வேண்டும். காசோலை வைத்து நாங்கள் செய்த பிழையை இன்னொருவர் செய்யக் கூடாது.

மூன்று: முன்வைப்புத் தொகைக்கும் முதற்கட்டக் கொள்முதலுக்கும் உதவ, வட்டியில்லா அழகிய கடன் நிதி ஒன்றை அமைக்க வேண்டும். ஒப்பந்தப் பணம் வந்ததும் அது திரும்பி வந்து அடுத்தவருக்குப் பயன்படும்.

நான்கு: இந்த உதவிகள் யாவும் நம் தெருவில் வாழும் பிற சமயத்துச் சகோதர சகோதரிகளுக்கும் திறந்திருக்க வேண்டும். தையல் சங்கத்திலும் சுயஉதவிக் குழுவிலும் அவர்களோடு சேர்ந்தே நாம் வேலை செய்யப் போகிறோம்.

அன்பர்களே, சென்ற ஆண்டு கேள்வி கேட்ட அந்த இளைஞர் இன்றும் இங்கே அமர்ந்திருக்கிறார். அவருக்கு எங்கள் விடை இதுதான்: நமக்கென்று யாரும் தனியாகப் பந்தி விரித்து வைக்கவில்லை. பொதுப் பந்தியில் நமக்கும் இலை உண்டு. நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். சிறிய வேலையாக ஒன்றை எடுங்கள். சொன்ன நாளில், சொன்ன அளவில், சொன்ன தரத்தில் கொடுங்கள். ஒவ்வொரு சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் கேள்வி கேட்க எழாமல், கணக்கு வாசிக்க எழுந்து நில்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அதனைக் கேட்க நாங்கள் அனைவரும் காத்திருப்போம்.